நாள்பட்ட வலியும் மனமும்: வாசகர் கேள்விகள்

மூன்று வருட முதுகுவலி. டாக்டர் உளவியல் ஆலோசகரிடம் போகச் சொல்கிறார். என் வலி கற்பனையா?

இல்லை. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-லேயே வலியை உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றுதான் வரையறுத்தது. முதுகுக்கான சிகிச்சையை நிறுத்தாமல் ஆலோசகரையும் பாருங்கள்.

மூச்சுப் பயிற்சி பலிக்கவில்லை.

எப்போது செய்தீர்கள் என்று எழுதவே இல்லையே! வலி உச்சத்தில் இருக்கும்போது மட்டும் செய்தால் எடுபடாது. வலி தணிந்த நேரத்தில் பழகுங்கள்: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள். தினம் இரு வேளை, பத்து நிமிடம், மூன்று வாரமாவது. தலை சுற்றினால் அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள்.

'நல்லதையே நினை' என்கிறார்கள். முயன்றாலும் எரிச்சல்தான் வருகிறது.

வராமல் என்ன செய்யும்? வலியோடு இருப்பவரிடம் சொல்லக்கூடாத அறிவுரை இது. கோபத்தை விழுங்கினால் தாடையும் தோளும் இடுப்பும் இறுகும், வலி ஏறும், எரிச்சல் இன்னும் கூடும். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதி வைத்தாலும் மனம் நம்பாது.

நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: நடந்தது, மனதில் ஓடிய வாக்கியம், உணர்ச்சியும் அதன் அளவும் (0–100), அந்த வாக்கியத்துக்கு மாறான ஆதாரம். உதாரணமாக: பேனாவை எடுக்கக் குனிந்தேன், சுரீரென்றது. 'இன்றைய நாள் போச்சு.' பயம் 80. போன வாரமும் இப்படித்தான், இரண்டு மணி நேரத்தில் தணிந்தது. இப்போது பயம் 50. அது போதும், பூஜ்யமாக வேண்டியதில்லை.

மூன்றாவது பத்தியில் பலரும் 'வலி' என்று எழுதுகிறார்கள். அது உணர்ச்சியல்ல. பயமா, கோபமா, துக்கமா, அவமானமா என்று பிரித்து எழுதுங்கள். இதையும் வலி தணிந்த நேரத்தில்தான் பழக வேண்டும்.

நன்றாக இருந்த நாளில் வீடு முழுக்கச் சுத்தம் செய்தேன். இரண்டு நாள் படுக்கை, ஒரே குற்ற உணர்ச்சி.

சிரமமில்லாமல் எத்தனை நிமிடம் வேலை செய்ய முடிகிறது என்று நான்கைந்து நாள் குறியுங்கள். சராசரி 20 என்றால் 16-இல் நிறுத்துங்கள். கடிகாரம் பார்த்து நிறுத்த வேண்டும், வலி வந்த பிறகல்ல. நல்ல நாளிலும் அதே 16. வாரத்துக்குச் சுமார் 10 சதவீதம் கூட்டலாம்.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரையாமே, நிறுத்திவிட்டேன்.

குறைந்த அளவில் அது நரம்பு வலிக்கும் தரப்படுகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

எண்ண–நடத்தை சிகிச்சையில் வலி போய்விடுமா?

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை இது (CBT). வலியின் அளவு சராசரியாகக் கொஞ்சமே குறையும். பதற்றமும் முடங்கிக் கிடப்பதும் குறைவதைக் கணக்கில் எடுங்கள். வழக்கமாக வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வு. மூன்றோடு விட்டுவிட்டுப் பலனில்லை என்று எழுதாதீர்கள்.

முதுகுவலியோடு இரண்டு நாளாகத் தொடையிடுக்கு மரத்திருக்கிறது, சிறுநீர் இறங்கவில்லை. தியானம் உதவுமா?

உதவாது. பதிலுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். இப்போதே போங்கள்.