ஆமைக்கு மூக்கு ஒழுகுகிறதா? வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

*சல்கேட்டா ஆமை வளர்க்கிறோம். நாலு நாளாக மூக்கில் குமிழி வருகிறது. தலையை உள்ளே இழுக்கும்போது 'உஸ்' என்று சத்தமும் கேட்கிறது. இரண்டுமே நோயா? (கோவை)*

'உஸ்' சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். தலையும் காலும் உள்ளே போனால் ஓட்டுக்குள் இடம் குறையும், நுரையீரலில் இருக்கும் காற்று வெளியேறும். குமிழிதான் எனக்குக் கவலை.

ஆமையின் நுரையீரல் மேலோட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை அதற்குக் கிடையாது. சளியை இருமி வெளியே தள்ள முடியாததால் அது உள்ளேயே தேங்கிவிடும். மூக்குச் சளி நிமோனியாவாக மாறுவது இப்படித்தான்.

தண்ணீர் குடித்த கையோடு மூக்கில் நீர் தெரிவது சகஜம். பஞ்சால் துடைத்துவிட்டு, காய்ந்த துணிமேல் விட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். திரும்பக் குமிழி வந்தாலோ, கொழகொழவென்று இருந்தாலோ அது சளி. முன்னங்கால்களையும் பாருங்கள். ஆமை மூக்கைக் காலில்தான் துடைத்துக்கொள்ளும். செதில்மேல் சளி காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அதுவரை உங்களால் செய்ய முடிந்தது சூடு கொடுப்பதுதான். சல்கேட்டா சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பிலிருந்து வந்த இனம். மழைக்கால இரவில் ஈர டைல்ஸ் தரை அதற்கு ஒத்துவராது. காய்ந்த விரிப்பு போட்டு, இரவும் பகலும் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி பாருங்கள். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாமல் ஆமையின் முதுகு உயரத்தில் வையுங்கள். உடல் குளிர்ந்து கிடந்தால் ஆமையின் எதிர்ப்புச் சக்தியும் வேலை செய்யாது, நான் கொடுக்கும் மருந்தும் சரியாக வேலை செய்யாது.

*குழந்தைக்கு வாங்கிய ஆண்டிபயாடிக் சிரப் கொஞ்சம் மீதி இருக்கிறது. கொடுக்கலாமா? சாம்பிராணி போடலாமா? (மதுரை)*

இரண்டும் வேண்டாம். சிரப் தொண்டையில் தவறி இறங்கினால் நேராக நுரையீரலுக்குப் போகும். புகை ஏற்கெனவே புண்ணான மூச்சுக்குழாயை இன்னும் எரிக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: நாய்க்கும் மாட்டுக்கும் போடும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஆமையைக் கொன்றுவிடும். அவசரத்தில் யாராவது போட வந்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

*தொட்டியில் வளரும் சிவப்புக் காது ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதக்கிறது. கண்ணும் வீங்கியிருக்கிறது. காய்ந்த இறால் மட்டும்தான் சாப்பிடும். (சென்னை)*

ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் கனத்துத் தாழும், நல்ல பக்கம் மேலே நிற்கும். வயிற்றில் வாயு சேர்ந்தாலும் சாயும் என்பதால் எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். கண் வீக்கத்தைப் பார்த்தால் வைட்டமின் ஏ குறைபாடும் இருக்கும் என்று நினைக்கிறேன். காய்ந்த இறாலை மட்டுமே கொடுத்து வளர்த்தால் இது வரும். அந்தச் சத்து குறைந்தால் மூச்சுப்பாதையின் உள்தோல் தடித்து, கிருமி எளிதாக ஒட்டிக்கொள்ளும். வைட்டமின் ஏ ஊசி அளவு மீறினால் தோலே உரியும், அதனால் அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். சாப்பிடத் தொடங்கியதும் நல்ல ஆமைத் தீவனம், கீரை, துருவிய கேரட் என்று பழக்குங்கள். தண்ணீர் 28 டிகிரியில் இருக்கட்டும். சோர்ந்த ஆமை ஆழத் தண்ணீரில் மூழ்கிவிடும். மட்டத்தைக் குறைத்து, ஏறி உட்காரக் காய்ந்த மேடும் வையுங்கள்.

*நண்பர் கொடுத்த நட்சத்திர ஆமைக்குச் சளி. டாக்டரிடம் கொண்டுபோகப் பயமாக இருக்கிறது. காட்டில் விட்டுவிடலாமா? (திருச்சி)*

தயவுசெய்து விடாதீர்கள். நோயோடு போகும் ஒரு ஆமை, அங்கே நன்றாக இருக்கும் ஆமைகளுக்கும் அதைக் கொடுத்துவிடும். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. நாள் தள்ளத் தள்ள அதற்கு மூச்சு இன்னும் சிரமமாகும்.

*ஊசி போட்ட மூன்றாம் நாளே மூக்கு காய்ந்துவிட்டது. நிறுத்திவிடலாமா? (சேலம்)*

வேண்டாம். ஆமைக்கு எல்லாமே மெதுவாகத்தான் குணமாகும், வாரக்கணக்கில் ஆகும். சொன்ன ஊசி முழுவதும் போடுங்கள். வீட்டில் வேறு ஆமை இருந்தால் இதைத் தனி அறையில் வைத்து, இதைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே அதைத் தொடுங்கள்.