புஷலுக்கு 2 சென்ட்: வேளாண் கேள்வி – பதில்

பல்லடம் வாசகர்: அமெரிக்காவில் பல மாநிலங்களில் கோதுமை ஆணையம் இருக்கிறதாமே, அது அரசு அலுவலகமா, விவசாயிகள் சங்கமா?

சட்டத்தால் அமைந்தது, ஆனால் செலவு செய்வது விவசாயியின் பணம். கான்சஸ் மாநிலத்தைப் பார்ப்போம். அங்கே 1957 முதல் ஆணையம் உண்டு. கோதுமையை முதலில் வாங்குபவர், பெரும்பாலும் எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்கு, புஷலுக்கு 2 சென்ட் பிடித்து ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு புஷல் 60 பவுண்டு, அதாவது சுமார் 27.2 கிலோ. ஏக்கருக்கு 40 புஷல் வீதம் 1,000 ஏக்கரில் அறுத்து விற்பவருக்குப் பிடித்தம் 800 டாலர்.

நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கட்டணம் வியாபாரி தலையில் விழுகிறது. அங்கே அது விளைவித்தவர் பணத்திலிருந்தே போகிறது. அதனால்தான் ஓராண்டுக்குள் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. ஆணையம் வேண்டாம் என்று விவசாயி நினைத்தால் அதன் கையிலிருந்து பணம் போய்விடும். ஆணையத்தின் எந்த வேலையையும் இதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி, சந்தை வளர்ப்பு, நுகர்வோருக்கு எடுத்துச் சொல்வது ஆகியவற்றுக்கு இந்தப் பணம் போகிறது. சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவது உறுப்பினர் சந்தாவில் நடக்கும் கோதுமை விவசாயிகள் சங்கத்தின் வேலை. ஒரே அலுவலகத்தில் இரண்டும் இயங்கினாலும் கணக்கு தனித்தனியாக இருக்க வேண்டும்.

விச்சிட்டா, கான்சஸ் வாசகி: எங்கள் குடும்ப நிலத்தை வாரத்துக்கு விட்டு, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு பெறுகிறோம். உழுபவரின் ரசீதிலும் எங்கள் ரசீதிலும் பிடித்தம் இருக்கிறது. இது இரட்டைப் பிடித்தமா? நான் ஆணையத் தேர்தலில் நிற்கலாமா?

இரட்டைப் பிடித்தம் இல்லை. அவரவர் பங்கு புஷலுக்கு அவரவர் செலுத்துகிறீர்கள். இரண்டு ரசீதின் புஷலையும் கூட்டினால் எடைச்சீட்டின் மொத்தத்துடன் ஒத்துப்போக வேண்டும். மிஞ்சினால் கிடங்கில் கேளுங்கள். கிடங்கு பிறகு மாவு ஆலைக்கு விற்கும்போது மறுபடி பிடிக்கக் கூடாது.

தேர்தலில் நிற்க கான்சஸில் வசிக்க வேண்டும், வாக்களிக்கும் வயது வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பயிர் வளர்ப்பில் நேரடியாக ஈடுபட்டிருக்க வேண்டும். உங்கள் சிக்கல் இந்த மூன்றாவது நிபந்தனைதான். நிலம் சொந்தம் என்பது மட்டும் போதுமா என்பதை, தேர்தல் நடத்தும் மாநில வேளாண் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேட்பு மனுவில், வாக்களிக்கத் தகுதியுள்ள விவசாயிகள் 20 பேரின் கையெழுத்து தேவை. ஒரே கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஐந்துக்கு மேல் கணக்கில் வராது. சரியாக 20 வாங்கிவிட்டு நிற்பவர்கள், அதில் ஒருவர் தகுதியில்லாதவர் என்று தெரியவரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். 26, 28 என வாங்கி வையுங்கள். ஐடஹோ மாநிலத்தில் நடைமுறை வேறு: அங்கே ஆணைய உறுப்பினர்களாக ஐந்து விவசாயிகளை மாநில ஆளுநர் நியமிக்கிறார். அந்த ஆளுநர் மக்கள் வாக்கில் வந்தவர்.

கோவை வாசகர்: வேளாண் பட்டதாரியான என் மகள் கான்சஸில் எம்.எஸ். முடிக்கப்போகிறாள். இத்தகைய ஆணையத்தில் என்ன வேலைகள் இருக்கும்?

அலுவலகங்கள் சிறியவை, ஒருவரே இரண்டு மூன்று பொறுப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கும். தலைமை நிர்வாகி, ஆராய்ச்சிப் பொறுப்பாளர், செய்தித் தொடர்பாளர், கணக்காளர் என்பவை வழக்கமான பதவிகள்.

வெளியே தெரியாத, ஆனால் மிக முக்கியமான நாற்காலி கணக்காளருடையது. ஒவ்வொரு கிடங்கும் அனுப்பும் அறிக்கையில் புஷலை 2 சென்ட்டால் பெருக்கி, வந்த தொகையோடு ஒப்பிட வேண்டும். மாநில எல்லைக்கு அப்பால் விற்ற கோதுமை, கால்நடைத் தீவனத்துக்கு நேரடியாகப் போன கோதுமை ஆகியவற்றில்தான் பிடித்தம் நழுவும். அறுவடைக்குப் பிறகும் ஒரு கிடங்கின் அறிக்கை வரவில்லையென்றால் உடனே தொலைபேசியில் கூப்பிட வேண்டும். ஆண்டு முடிவில் தேடினால் கிடைக்காது.

ஆராய்ச்சிப் பொறுப்பாளருக்கு உங்கள் மகளின் படிப்பு பொருந்தும். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் திட்ட மனுக்களைப் படித்து, விவசாயி உறுப்பினர்களுக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். உதாரணம், கோதுமைக் கோடு தேமல் நோய். அதைப் பரப்பும் நுண்ணிய சிலந்திப்பேன், தானாக முளைத்த கோதுமையில் கோடையைக் கழித்துவிட்டுப் புதுப் பயிருக்கு வருகிறது. விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே அந்தத் தான்முளைப் பயிரை அழித்துவிட வேண்டும். எதிர்ப்பு ரகம் தேடும் மனுவுக்குப் பணம் தரும் முன் இந்தச் சங்கிலி முழுவதையும் உறுப்பினர் புரிந்துகொள்ள வேண்டும். புது ரகம் வர வழக்கமான முறையில் பத்தாண்டுக்கு மேல் ஆகும். கான்சஸ் உறுப்பினரின் பதவிக்காலமோ மூன்று ஆண்டு. ஆள் மாறினாலும் வேலை நிற்காதபடி கோப்பைத் தொடர்ந்து வைத்திருப்பவர் இவர்தான். அந்தப் பொறுமை இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மான்ஹாட்டன், கான்சஸ் வாசகர்: ஆணையத்துக்கு வறட்சி ஆண்டில் என்ன ஆகும்?

வருமானம் பாதியாகும். கான்சஸில் 2016இல் சுமார் 46.7 கோடி புஷல் விளைந்தது, 2023இல் 20.1 கோடிதான். முழுவதும் விற்பனைக்கு வந்ததாகக் கொண்டால், 2 சென்ட் வீதம் 93 லட்சம் டாலரும் 40 லட்சம் டாலரும். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. பட்ஜெட்டோ அறுவடை முடியும் முன்பே போட்டாக வேண்டும். மே மாதம் வயல் வயலாகப் போய்ப் பார்க்கும் சுற்றில் வரும் விளைச்சல் மதிப்பீட்டை அப்படியே நம்பாமல், அதற்கும் கீழே வைத்துக் கணக்கிடுவது நல்லது.

வாஷிங்டன் மாநிலம் கோதுமை விற்பனைத் தொகையில் 0.75 சதவீதம் வாங்குகிறது. விளைச்சல் குறைந்து விலை ஏறினால் அங்கே அடி சற்றுத் தணியும். நல்ல விளைச்சலில் விலை சரிந்தால் வருமானமும் சரியும். புஷல் கணக்கில் விலையால் பாதிப்பில்லை, ஆனால் மழை பொய்த்தால் தப்ப வழியில்லை. ஆகவே கான்சஸ் போன்ற மாநிலத்தில் கையிருப்பு அவசியம். பற்றாக்குறை வரும்போது முதலில் குறைக்க வேண்டியவை பயணமும் விளம்பரமும். ரக ஆராய்ச்சியை ஒரு பருவம் நிறுத்தினால், அந்த ஆண்டு செய்ய வேண்டிய கலப்புகளும் தேர்வுகளும் போய்விடும். அடுத்த ஆண்டு இரு மடங்கு பணம் கொடுத்தாலும் அவை திரும்பி வராது.