ஆக்சிஜனே இல்லாமல் ஆக்சிஜனேற்றமா?

கேள்வி: நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆவதை ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை என்கிறார்கள். மூன்றும் வாயு. ஆக்சிஜனும் இல்லை, அயனியும் இல்லை. இதில் யார் எலக்ட்ரானைக் கொடுத்தது, யார் வாங்கியது?
- பிளஸ் ஒன் மாணவி

பதில்: ரொம்பச் சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அம்மோனியாவில் எலக்ட்ரான் முழுசாகக் கைமாறுவதில்லை, இரண்டு அணுக்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஆனால் சமபங்கு கிடையாது. எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், நைட்ரஜனுக்கு 3.04, ஹைட்ரஜனுக்கு 2.20. அதனால் பிணைப்பிலுள்ள ஜோடி நைட்ரஜன் பக்கம் சாய்கிறது, ஆக்சிஜனேற்ற எண் போடும்போது அந்த ஜோடியை முழுக்க நைட்ரஜன் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

தனிமமாக இருக்கையில் இரண்டுக்கும் எண் 0. அம்மோனியாவில் நைட்ரஜன் -3, ஹைட்ரஜன் +1. எண் ஏறினால் ஆக்சிஜனேற்றம், இறங்கினால் ஒடுக்கம். ஆக, ஹைட்ரஜன் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, நைட்ரஜன் ஒடுங்குகிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்த ஹைட்ரஜன்தான் இங்கே ஒடுக்கி, அதாவது நைட்ரஜனை ஒடுக்குவது, இதை மாற்றி எழுதிவிடாதீர்கள். சரிபார்க்கவும் வழி உண்டு: ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு. நைட்ரஜன் அணு 2, தலைக்கு 3 இறக்கம், மொத்தம் 6. ஹைட்ரஜன் அணு 6, தலைக்கு 1 ஏற்றம், அதுவும் 6. கணக்கு டாலி ஆகாவிட்டால் எண்ணில் தப்பு, இல்லையென்றால் சமன்பாட்டையே சமன் செய்யவில்லை.

ஆக்சிஜன் இருக்கிற வினையிலும் கண்ணை எண்ணில்தான் வைக்க வேண்டும். காரின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் வினைபுரிந்து நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஆகின்றன. தொடக்கத்தில் நைட்ரஜனும் +2, கார்பனும் +2. முடிவில் நைட்ரஜன் 0, கார்பன் +4. இடையில் நைட்ரஜனை விட்டுக் கார்பனிடம் போன ஆக்சிஜனோ -2 ஆகவே இருக்கிறது, அதற்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அப்புறம், இதற்கு நேர்மாறான ஒன்றையும் பாருங்கள். ஆய்வகத்தில் அடர் அம்மோனியா பாட்டிலையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலையும் திறந்து அருகருகே வைத்தால் இரண்டு வாயுவும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். அம்மோனியம் குளோரைடு, நீங்கள் தேடிய அயனிகள் இதில் இருக்கின்றன. ஆனால் எண்களைப் போட்டுப் பார்த்தால் நைட்ரஜன் -3, ஹைட்ரஜன் +1, குளோரின் -1, வினைக்கு முன்பும் அதுதான், பின்பும் அதுதான். ஹைட்ரஜன் குளோரைடிலிருந்து அம்மோனியாவுக்கு நகர்ந்தது ஒரு புரோட்டான் (H⁺) மட்டுமே. இது அமில கார வினை, ஆக்சிஜனேற்ற ஒடுக்கம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.