வன்னியில் பழைய கல்குவாரிக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் மகளை வவுனியாப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றுக்குக் கூட்டிப்போகலாமா, அங்கே பார்க்க என்ன இருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் முதலில் காணிக்காரரிடமும் கிராம சேவகரிடமும் கேளுங்கள். சுற்றுப்புறம் மிதிவெடி அகற்றி முடிந்த இடமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பற்றைக்குள் இறங்க வேண்டாம். சிவப்புப் பலகை கண்ணில் படாததெல்லாம் உத்தரவாதம் இல்லை. குழியில் தேங்கிய தண்ணீர் கரையிலேயே ஆளை விழுங்கும் ஆழம். வெட்டுமுகத்தின் அடியில், தொங்கும் கல்லுக்குக் கீழே நிற்கவும் கூடாது.

நான் பிள்ளைகளைக் கூட்டிப்போனது நெடுங்கேணிப் பக்கம், குன்றின் அரைவாசியை உடைத்தெடுத்துவிட்டுப் போன ஓர் இடத்துக்கு. வெளியே கறுத்துப் பாசி பிடித்துக் கிடக்கும் மலை, வெட்டிய பக்கத்தில் சாம்பலும் வெள்ளையுமாக வரிவரியாக இருக்கும். வெடிமருந்துக்குத் துளைத்த துளைகளின் பாதித்தடம் தெரியும் இடத்தில் கல் புதுசாக இருக்கும், அங்கே பாருங்கள். வெள்ளை வரி குவாட்ஸ், பெல்ஸ்பார் என்ற கனிமங்கள். கறுப்பு வரியில் மினுங்குவது பயோடைற் மைக்கா, நகத்தால் சுரண்டினால் செதிலாகக் கழன்று வரும். இது நைஸ், உருமாறிய பாறை. வரியைக் கண்டதும் படையாகப் படிந்த கல் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். சில வரிகள் சூடான மெழுகு போல மடிந்து திரும்புவதைக் காட்டுங்கள், அப்புறம் எழுத மாட்டார்கள். கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஏறக்குறைய 55 முதல் 60 கோடி வருடங்களுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் வெந்து நெரிந்த கல் அது. இந்தப் பாறைத் தொகுதிக்கே 'வன்னித் தொகுதி' என்றுதான் பெயர். வடமேல் மாகாணத்திலும் இதே தொகுதிதான். இதோடு ஒப்பிட்டால் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இளசு: மயோசீன் காலத்தது, 2.3 கோடி வருடத்துக்கு மேற்படாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது வெட்டுமுகத்தின் மேல்பகுதி. மேலே சிவப்பு மண், அடியில் கையால் உதிரும் உக்கிய பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள் மட்டும் உள்ள கெட்டிக்கல். மாரி முடிந்த கையோடு போனால் அந்த வெடிப்புகளின் வழியே மட்டும் ஈரம் கசிந்து கோடு விட்டிருக்கும். கிணறு வெட்டினால் தண்ணீர் கிடைப்பது உக்கிய பாறையிலும் இந்த வெடிப்புகளிலும்தான். ஒரு வளவில் ஊறுகிற கிணறு பக்கத்து வளவில் ஏன் வற்றுகிறது, நம் முன்னோர் ஏன் இத்தனை குளம் கட்டினார்கள் என்று மகளிடம் அங்கே வைத்தே கேளுங்கள். பாடப்புத்தகப் படத்தைவிட அந்தச் சுவர் நன்றாகப் பதில் சொல்லும்.

கல்லைப் பெரிதாக்கிப் பார்க்கும் கைவில்லை (lens) ஒன்றும் தொப்பியும் கொண்டுபோங்கள். சுத்தியல் தேவையில்லை, உடைந்த கல் காலடியிலேயே நிறையக் கிடக்கும். புரட்டும்போது மட்டும் தடியால் புரட்டுங்கள், அடியில் புடையன் பாம்பு படுத்திருக்கக்கூடும்.