சீரியல் போர்ட்டில் மோடம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, டெபியன் லினக்ஸில் மோடத்தோடு பேச மினிகாம் நிரலைத் திறந்தால் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) போனால் வேலை செய்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அங்கே சீரியல் போர்ட் 'டயல்அவுட்' குழுவுக்குச் சொந்தம். உங்கள் பயனர் பெயரை அதில் சேர்த்துவிட்டு ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள், இதை மறந்துவிட்டுத்தான் பலர் திரும்ப வந்து கேட்கிறார்கள். ஆர்ச் லினக்ஸில் குழுவின் பெயர் 'யூயூசிபி'.

கேள்வி: எக்கோ கட்டளை வழியாக மோடத்தைக் கூப்பிடும் 'ஏடி' என்று போர்ட்டுக்கு அனுப்பினேன். மோடம் மூச்சே விடவில்லை. 'ஓகே' வரவேண்டாமா?

பதில்: வந்திருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை. எக்கோ போர்ட்டைத் திறக்கும், எழுதும், உடனே மூடிவிடும். மூடும்போது 'கணினி தயார்' என்று மோடத்துக்குச் சொல்லும் டிடிஆர் கம்பியும் இறங்கிவிடும். மினிகாமோ, அதைப்போன்ற சியூவோ போட்டு உள்ளே உட்கார்ந்து தட்டுங்கள். பைதானில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று: மோடத்துக்கு வரி முடிந்தது என்றால் கேரேஜ் ரிட்டர்ன் (\r), வெறும் நியூலைனை (\n) அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: 56கே மோடத்துக்கு எதற்கு 115200 வேகம்? அதோடு பெரிய கோப்பு அனுப்பினால் நடுவில் பைட்டுகள் காணாமல் போகின்றன.

பதில்: 115200 என்பது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள வேகம், தொலைபேசிக் கம்பியில் ஓடுவது அல்ல. மோடம் வி.42பிஸ் என்ற சுருக்க முறையில் சுருக்கி வந்த தரவை விரித்துத் தருவதால் வெறும் உரைக்கோப்பு வரும்போது 57600 போதாமல் போகும். பைட் தொலைவது வேறு கதை. வி.90 என்ற 56கே தரத்தில் உங்களிடமிருந்து வெளியே போகும் வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 33600 பிட், நீங்கள் கொட்டுவது 115200. மோடத்தின் பஃபர் (தற்காலிகக் கிடங்கு) நிரம்பியதும் அது சிடிஎஸ் கம்பியை இறக்கி 'கொஞ்சம் பொறு' என்கிறது, உங்கள் கணினி அதைக் கண்டுகொள்ளாவிட்டால் வழியத்தான் செய்யும். போர்ட்டின் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில், அந்தக் கம்பியைக் கவனிக்கச் சொல்லும் சிஆர்டிஎஸ்சிடிஎஸ் போடுங்கள், மோடத்திலும் இந்தக் கம்பி முறையான ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை ஆன் செய்யுங்கள் (அதற்கான கட்டளை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பார்த்தாக வேண்டும்). கம்பிக்குப் பதில் தரவுக்குள்ளேயே 'போ', 'நில்' குறிகளை அனுப்பும் எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் முறை மட்டும் வேண்டாம். அதன் குறிகளான 17, 19 எண் பைட்டுகள் உங்கள் கோப்புக்குள்ளேயே இருக்கலாம், நடுவில் நின்றுவிடும். இதெல்லாம் சரியாக வைத்தும் ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் கேபிளுக்குள் மூன்றே கம்பி, சிடிஎஸ் கம்பியே இல்லை!

கேள்வி: மினிகாமை மூடினாலும் லைன் துண்டிக்கவில்லை, பில் ஏறுகிறது.

பதில்: ஏடி&டி2 கொடுங்கள், டிடிஆர் இறங்கியதும் மோடம் லைனை வைத்துவிடும். அப்புறம் ஏடி&டபிள்யூ கொடுத்து அதைச் சேமியுங்கள், இல்லையென்றால் மின்சாரம் போனதும் பழைய குருடி கதவைத் திறடி.

கேள்வி: யுஎஸ்பி 4ஜி டாங்கிள் செருகியதும் கொஞ்ச நேரம் போர்ட் 'பிஸி' என்கிறது. டாங்கிள் பழுதா சார்?

பதில்: பழுது இல்லை. மோடம்மேனேஜர் என்ற சேவை உங்களுக்கு முன்னாலேயே போர்ட்டைப் பிடித்து ஏடி அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பிறகு ஏடி+சிஎஸ்க்யூ அடித்தால் சிக்னல் 0 முதல் 31க்குள் வரும், 99 என்றால் அளக்க முடியவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: பழைய பிசிஐ மோடம் கார்டு எந்த போர்ட்டிலும் தெரியவில்லை.

பதில்: வின்மோடமாக இருக்கும். மோடம் செய்யவேண்டிய வேலையை விண்டோஸ் டிரைவர் தலையில் கட்டிய கார்டு அது. அதற்கு லினக்ஸ் டிரைவர் தேடி அலைவதைவிட சீரியல் கேபிளில் மாட்டுகிற வெளிமோடம் ஒன்றை வாங்கிவிடுங்கள்.