டைனமோவை மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம்

தம்பி, பழைய மேசி பெர்குசன் 35 டிராக்டரில் புது பேட்டரி போட்டும் சார்ஜ் விளக்கு அணையவில்லை, டைனமோவை (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியை) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பொறுங்கள், இப்போதே பணம் செலவழிக்க வேண்டாம்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். லூகாஸ் டைனமோ உள்ள பழைய 35-களில் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது வண்டியின் உடலோடு இணைந்திருப்பது. புது பேட்டரி போட்டவர், கார்போல நினைத்து நெகட்டிவை எர்த் செய்திருக்கலாம். அப்படியானால் பழையபடி மாற்றி மாட்டுங்கள். அப்புறம் டைனமோவில் F என்று குறித்த எஃப் முனையின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை அந்த எஃப் முனையில் ஓரிரு விநாடி தொட்டு எடுங்கள். லேசாகப் பொறி பறக்கும். உள்ளே மிச்சமிருக்கும் காந்தத்தன்மை சரியான திசைக்குத் திரும்ப இது போதும்.

அதிலும் சரியாகவில்லையா? டைனமோவின் டி (D), எஃப் ஒயர் இரண்டையும் கழற்றி, டைனமோவின் அந்த இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, வோல்ட் மீட்டரை அங்கேயும் டைனமோ உடலிலும் வையுங்கள். எஞ்சின் வேகத்தை மெதுவாக ஏற்றினால் வோல்ட் சீராக ஏற வேண்டும். 20-ஐத் தாண்ட விடாதீர்கள். ஏறினால் டைனமோ நல்லது. கோளாறு கண்ட்ரோல் பாக்சிலோ (சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஒயரிலோ இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் டைனமோவுக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள்.

இங்கே சுங்கை சிப்புட்டில் அப்பாவின் டிராக்டரில் எர்த் பட்டைக்கு அடியில் துரு. சுரண்டியதும் விளக்கு அணைந்தது. தோட்டத்து மழைக்கு அதையும் மறக்காதீர்கள். மீட்டரில் என்ன வந்தது என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.