ஏற்காட்டு வில்லாவும் ஒரு தோழி மேல் வந்த கோபமும்

அன்புள்ள மேடம்,

எனக்கு 44 வயது. ஈரோட்டில் இருக்கிறேன். காலேஜில் ஒன்றாகப் படித்த தோழிகள் நாலு பேர் இந்த மே மாதம் குடும்பத்தோடு ஏற்காட்டில் ஒரு வில்லா எடுத்துத் தங்கினோம். காபித் தோட்டத்துக்குள் தனி வீடு. நாலு ரூம், முன்னால் நீளமான திண்ணை, சுற்றிலும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. போட்டோவில் பார்த்தபோது அவ்வளவு ஆசையாக இருந்தது. போய் வந்ததிலிருந்து மனசே சரியில்லை.

எல்லாம் ஒருத்தியால்தான். நாங்கள் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பால்கனி வைத்த பெரிய ரூமில் அவள் பெட்டியை வைத்துவிட்டாள். எங்களுக்குக் கிடைத்தது கிச்சனை ஒட்டிய சின்ன ரூம். கீசரும் சரியில்லை. வாடகையிலிருந்து சாப்பாட்டுச் சாமான் வரை எல்லாவற்றையும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டாள். நாங்கள் மூன்று பேர், அவள் வீட்டில் மாமியாரோடு ஐந்து பேர். யாரும் வாயைத் திறக்கவில்லை.

சமையல் விஷயம் இன்னும் மோசம். வாட்ச்மேன் மனைவி சமைத்துத் தருவதாகத்தான் பேச்சு. அவர் போடும் காரம் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நானே இறங்கிவிட்டேன். 16 பேருக்கு இட்லி ஊற்ற வேண்டும், சட்னி அரைக்க வேண்டும். அந்த மிக்ஸி வேறு அரைக்க அரைக்க நின்றுபோகும். இவள் ஒரு டம்ளர்கூடக் கழுவவில்லை. திண்ணையில் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "விடுடி, வந்து உட்காரு" என்று வாய் வார்த்தைக்குக் கூப்பிடுவாள், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது பிள்ளைகள் மார்க் பற்றிப் பேச்சு வந்தது. என் மகள் பிளஸ் டூ போகிறாள். "நல்லாப் படிச்ச பிள்ளை, பிளஸ் ஒன்ல போன் பார்த்தே மார்க்கை விட்டுட்டா" என்றேன். பெற்ற தாய் சொல்லக்கூடாதா? நான் முடிப்பதற்குள் அவள், "சாயங்காலம் லேடீஸ் சீட் போகலாமா, சேலம் லைட்டெல்லாம் தெரியும்" என்று பேச்சை வெட்டிவிட்டாள். எல்லார் முன்னாலும் எனக்கு முகம் சுண்டிப்போனது.

கடைசி நாள் ராத்திரி கேம்ப் ஃபயருக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவளே சரி என்றுவிட்டாள். எல்லாரும் படுத்த பிறகும் என் மகளும் அவளும் திண்ணையில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் மகளுக்குக் கண் வீங்கியிருந்தது. கேட்டால் "ஒன்னுமில்லம்மா" என்கிறாள். அதை விடுங்கள். அந்த கேம்ப் ஃபயர் காசையும் குடும்பக் கணக்கிலேயே பிரித்தாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

25 வருட நட்பு. இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் அவள் ஏதாவது போட்டால் பார்க்கவே பிடிக்கவில்லை. குரூப்பை விட்டு வெளியே வந்துவிடலாமா? கணவரிடம் சொன்னால், "காசுக்காகவா இவ்வளவு" என்கிறார். காசுக்காக இல்லை மேடம்.

– வாசகி, ஈரோடு

அன்புச் சகோதரிக்கு,

காசுக்காக இல்லை என்று நீங்கள் எழுதியதை அப்படியே நம்புகிறேன். ரூமுக்காகவும் கீசருக்காகவும்கூட இல்லை. நாலு குடும்பம் ஒரே வீட்டில் தங்கினால் இந்தக் குறைகள் வரத்தான் செய்யும். ஊர் திரும்பித் துணி துவைத்துக் காயப்போடுவதற்குள் பெரும்பாலும் மறந்தும் போகும். உங்களுக்கு மறக்கவில்லை.

எனக்கு உங்கள் கடிதத்தில் அந்தத் திண்ணையைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் மகள் ராத்திரி வெகுநேரம் அழுதிருக்கிறாள் போலிருக்கிறது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதிவிட்டு, உடனே கேம்ப் ஃபயர் காசுக்குப் போய்விட்டீர்கள். நான் பெற்ற பெண் தன் துக்கத்தை இன்னொருத்தியிடம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாளே என்ற வலி சாதாரணமானதில்லை. அதை நேருக்கு நேர் பார்ப்பதைவிட, அந்த இன்னொருத்தி டம்ளர் கழுவவில்லை என்று கோபப்படுவது சுலபம்.

சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் மகள் பக்கமிருந்து பாருங்கள். இத்தனை பேர் முன்னால், கூட வந்த மற்ற பிள்ளைகள் முன்னால், தன் மார்க் குறைந்த கதை ஓடுகிறது. தட்டைவிட்டுத் தலையே நிமிர்ந்திருக்காது. அப்போது ஒருவர் பேச்சை லேடீஸ் சீட் பக்கம் திருப்புகிறார். உங்களுக்கு அவமானமாகப் பட்டது. அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சே வந்திருக்கும். இந்த விஷயத்தில் நான் உங்கள் தோழி பக்கம்தான். மகள் அன்று இரவு அவரிடம் போனதில் ஆச்சரியமில்லை.

அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் வேலையாக இருப்பவரிடம் வந்து மனசைத் திறப்பதில்லை. சும்மா இருப்பவர் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். போனை நோண்டுவார்கள். சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார்கள். அரை மணி நேரம் போன பிறகுதான் விஷயம் வெளியே வரும். நீங்கள் அடுப்படியில் நின்றதும் அன்பினால்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சமைக்க ஆள் இருந்தும் நீங்களாகப் போய் நின்றீர்கள், கூப்பிட்டும் வரவில்லை. வீட்டிலும் இப்படித்தானா? மகள் ஸ்கூல் விட்டு வரும் நேரத்தில் உங்கள் கை ஓய்ந்திருந்த நாள் உண்டா?

கூட்டுக் குடும்பமாக இருந்தால் ஒரு சித்தியோ அத்தையோ இருப்பார். அம்மாவிடம் சொல்ல முடியாததைப் பெண் பிள்ளைகள் அவரிடம் சொல்வார்கள். அதை யாரும் தாயின் தோல்வியாக நினைத்ததில்லை. உங்கள் வீட்டில் இருப்பது மூன்றே பேர். 25 வருடமாக உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் அவள் போயிருக்கிறாள். முகம் தெரியாத யாரிடமோ போனில் கொட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அதனால் குரூப்பை விட்டு வெளியே வராதீர்கள். உங்கள் மகளுக்குக் கிடைத்த ஒரு துணையை அது இல்லாமல் ஆக்கிவிடும். தோழிக்கு போன் செய்து, "என்னடி சொன்னா?" என்று துருவவும் வேண்டாம். சொன்னது அம்மா காதுக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், அப்புறம் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள். "நான் உடனே தெரிஞ்சுக்க வேண்டிய ஆபத்து ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். இருக்கிறது என்றால் ரகசியம் பார்க்க நேரமில்லை, முழுவதையும் கேளுங்கள். மகள் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தாலோ, வாழப் பிடிக்காததுபோல் பேசினாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

மகளிடம் கண் ஏன் வீங்கியது என்ற விசாரணை வேண்டாம். எல்லார் முன்னாலும் மார்க்கைப் பற்றிப் பேசியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். கேட்டுவிட்டு, "ஆனா நீயும் போனை..." என்று ஆரம்பித்துவிடாதீர்கள். தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஹாலில் வெறுமனே உட்காருங்கள். வெங்காயம் உரிக்கக்கூட வேண்டாம். முதலில் அவள் ரூமை விட்டே வர மாட்டாள். பரவாயில்லை, உட்காருங்கள்.

வாடகைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்கு ஒரு ரூம் என்பதால் வாடகையைக் குடும்பக் கணக்கில் பிரித்தது நியாயம்தான், சின்ன ரூமுக்குக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். சாப்பாட்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்றுதான் பிரித்திருக்க வேண்டும். அதில் உங்கள் கோபம் சரி. அடுத்த முறை அட்வான்ஸ் போடும் முன்பே இதைக் குரூப்பில் எழுதிவிடுங்கள்.